ஏழாம் நம்பர் மாணவி

நாப்பது நிமிஷம்! நாப்பது நிமிஷமாச்சு அக்கா, அந்தக் கதவச் சாத்தி. அப்படி என்னத்தப் பேசுவா என் பொண்ணு? வீட்டுல என்கிட்ட ஒரு நாளைக்கு மொத்தமா நாலு வார்த்த. "சரி." "வேணாம்." "தெரியல." அப்புறம் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு "ப்ச்". அதையும் வார்த்தைன்னு சேத்துக்கிட்டாத்தான் நாலு. இங்க வந்தா மட்டும் நாப்பது நிமிஷம்! அதுவும் யார்கிட்ட? போன வருஷம் காலேஜ் முடிச்ச ஒரு கண்ணாடி போட்ட பொண்ணுகிட்ட. பெத்தவ நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க அக்கா, அங்க பெஞ்சுக் கால் ஆடும். டி.சி. வாங்க வந்தீங்களா? ஆபீஸ் கிளார்க் சாப்பிடப் போயிருக்காரு, வர ரெண்டே கால் ஆகும். நிதானமா மென்னு சாப்பிடுவாரு அந்த மனுஷன். நீங்க பதறாம உக்காருங்க. நான் இங்க லேப்லதான் வேல பாக்குறேன், பதினாறு வருஷமா. அந்தக் கதவு இருக்கே, அது என் ஸ்டோர் ரூம். குடுவை, பீக்கர், தராசு, எலும்புக்கூடு எல்லாம் அங்கதான் இருந்துச்சு. இப்ப பாருங்க, "ஆலோசனை அறை"ன்னு போர்டு. உள்ள நீலத் திரை, ரெண்டு நாற்காலி, மூக்கு தொடைக்க ஒரு டிஷ்யூ பெட்டி. என் குடுவையெல்லாம் வராண்டாவுல அட்டைப்பெட்டில கெடக்குது. கேட்டா, "பிள்ளைங்க மனசு முக்கியமா, குடுவை முக்கியமா"ங்கறாங்க. குடுவை ஒடஞ்சா என் சம்பளத்துல பிடிப்பீங்களே, அப்ப மட்டும் எது முக்கியம்?

சரி, அத விடுங்க. இன்னைக்கு எட்டாவது தடவ. கடைசி. கதவு தொறந்ததும் என் பொண்ணு வெளிய வந்து, என்கிட்ட ஒரு விஷயம் சொல்லப் போறாளாம். அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கக் கூடாதாம். கண்ணாடிப் பொண்ணு போன வாரமே என்னக் கூப்பிட்டு, கையப் புடிச்சு, சின்னக் குழந்தைக்கு சொல்ற மாதிரி சொல்லிடுச்சு. நடுவுல பேசினேன்னா அவ எழுந்து போயிடுவாளாம். எங்க? அவ அத்தை வீட்டுக்கு. என் வீட்டுக்காரரோட அக்கா. அங்கயே தங்கிப் படிச்சுக்கறாளாம். அந்த வீட்டுல கடியாரம் ஓடுற சத்தம் கேக்கும் அக்கா! அப்படி ஒரு வீடு! ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ அவங்க தொண்டையக் கனைப்பாங்க, அதுதான் பேச்சு. அங்க போறேங்கறா. பரண்ல இருந்து பெட்டிய எறக்கி மூணு நாளாச்சு. கட்டிலுக்குப் பக்கத்துல வாயப் பொளந்துகிட்டு கெடக்குது, உள்ள ரெண்டு பாவாட, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ். அதத் தாண்டித்தான் நான் கூட்டிப் பெருக்குறேன்.

அதனாலதான், இருக்கறத எல்லாம் இப்பவே உங்ககிட்ட பேசித் தீத்துடலாம்னு பாக்குறேன். பக்கெட்டக் காலி பண்ணி வச்சுட்டா அப்புறம் தளும்பாதில்ல? உங்களுக்கும் பொழுது போகும்.

எல்லாம் அந்தப் பயிற்சியால வந்தது. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மனசப் பாத்துக்க ஆள் வேணும்னு, பதினோரு பேர அனுப்பி வச்சாங்க. மூணு வாரம், என் லேப்புல. ஆறு பேரு ஆலோசகராம், அஞ்சு பேரு சமூகப் பணியாளராம். என்னம்மா வித்தியாசம்னு கேட்டேன். ஆலோசகர் உக்காந்த எடத்துல கேப்பாங்களாம். சமூகப் பணியாளர் வீடு தேடி வந்து கேப்பாங்களாம். ரெண்டு பேரும் பதில் மட்டும் சொல்ல மாட்டாங்க. அதுதான் பயிற்சியே!

சிரிக்காதீங்க. முதல் மூணு நாள் என்ன சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா? "ம்". ஆமா. "ம்" சொல்றதுக்கு மூணு நாள். பயிற்சி மேடம் நடுவுல நிக்கறாங்க, பதினோரு பேரும் வட்டமா உக்காந்து ஒண்ணா "ம்ம்ம்"ங்கறாங்க. பக்கத்து வகுப்புல இருந்து கணக்கு வாத்தியார் ஓடி வந்துட்டாரு, ஏதோ மாடு உள்ள பூந்துடுச்சுன்னு. அதுலயும் மார்க் போடுறாங்க அக்கா. "உங்க ம்-ல அவசரம் இருக்கு." "உங்க ம்-ல புத்திமதி ஒளிஞ்சிருக்கு." நெட்டையா ஒரு தம்பி இருந்தாரு, அவரோட "ம்"மக் கேட்டா கடன்காரன் முனகுற மாதிரி இருக்கும், அவருக்கு பத்துக்கு மூணுதான். பாவம், மதியம் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு தனியா பழகிக்கிட்டு இருந்தாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஒரு எழுத்து! அதுக்கு மூணு நாளா!

சரி, "ம்" பழகியாச்சு. அடுத்து பிள்ளைங்ககிட்ட பேசிப் பழகணும். நெஜப் பிள்ளைங்கள வச்சுப் பழகக் கூடாதாம். அது நியாயம்தான், மனசு என்ன தையல் பழகுற துணியா? அப்ப யார வைக்கறது? வாத்தியாருங்க எல்லாம் நழுவிட்டாங்க. சயின்ஸ் டீச்சர், "என்ன யாராவது எப்படி இருக்கீங்கன்னு அன்பா கேட்டா நான் அழுதுடுவேன், அப்புறம் ஏழாவது பீரியட் யார் எடுக்கறது"ன்னு கேட்டுட்டாங்க. கடைசில என் எலும்புக்கூட்டத் தூக்கி நாற்காலில உக்கார வச்சுட்டாங்க. நான் பொய் சொல்லல அக்கா. ஸ்கூல் டை கட்டி!

நெட்டைத் தம்பி அதுக்கு எதிர்ல உக்காந்து, மெதுவா, "இப்பல்லாம் தூக்கம் சரியா வருதா?"ன்னு கேக்குறாரு. அந்த நேரம் பாத்து ஹெச்.எம். உள்ள வந்தாரு. பேய் முழி முழிச்சாரு. எலும்புக்கூட்டப் பாத்தாரு, தம்பியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "பையனுக்கு வீட்டுல சாப்பாடே போடறதில்ல போலிருக்கே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அத நெட்டைத் தம்பி நோட்டுல வேற எழுதிக்கிட்டாரு.

ரெண்டு நாள் பாத்தாங்க. எலும்புக்கூடு ஒத்துழைக்க மாட்டேங்குதுன்னு மேடத்துக்கு மனக்குறை. உயிரோட ஒரு ஆள் வேணும்னு சுத்திமுத்திப் பாத்தாங்க. நான் சும்மா இருக்காம, "அந்தத் தம்பி கேக்கற விதமே சரியில்ல மேடம்"னு சொல்லித் தொலைச்சேன். புடிச்சுப் போட்டுட்டாங்க. கையில ஒரு கார்டு. "மாணவி எண் ஏழு. வயது பதிமூன்று. எட்டாம் வகுப்பு. பேச மறுக்கிறாள்." அதப் படிச்சுட்டு எங்க ஆயாம்மா சிரிச்ச சிரிப்புல கையில இருந்த வாளி கீழ விழுந்துடுச்சு.

அந்தப் பதினோரு பேர்ல ஒண்ணான கண்ணாடிப் பொண்ணு எதிர்ல உக்காந்து, "எப்படி இருக்க?"ன்னு கேட்டுச்சு. கேட்டா சொல்லணும்ல? முட்டி வலி, பஸ் நேரத்துக்கு வராதது, மாடில தண்ணி ஏறாதது... சொல்லிக்கிட்டு இருக்கேன், மேடம் கையத் தட்டி நிறுத்திட்டாங்க. "நீங்க பேச மறுக்கணும்." "மறுக்குறேன்னுதானே மேடம் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்!" மறுபடி. மறுபடியும் கையத் தட்டினாங்க. அஞ்சு தடவ. அவங்களுக்கு "ம்" சொல்லவே மூணு நாள், எனக்கு ஊமையா இருக்க ஒரே ஒரு கார்டு, இது என்ன நியாயம் நீங்களே சொல்லுங்க.

எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. யோசிச்சேன். பேசாத பொண்ணு ஒண்ணு நம்ம வீட்டுலயே இருக்கே, அவ எப்படி உக்காருவா? ஒரு கால மடிச்சுக்குவா. சட்டக் கையோட நுனிய இழுத்து உள்ளங்கைக்குள்ள மடக்கிப் புடிச்சுக்குவா. சுவத்துல ஒரு எடத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. நானும் அப்படியே உக்காந்தேன். கண்ணாடிப் பொண்ணு கேட்டுச்சு, "மதியம் யார் கூட சாப்பிடுவ?"

அக்கா... எனக்கு வாய் வரல.

ஏழு நிமிஷமாம். யாரோ மணி பாத்திருக்காங்க. என் கல்யாணத்துல கூட நான் அவ்வளவு நேரம் வாய மூடினதில்ல. அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்கல, "ம்"னு மட்டும் ஒரு தடவ சொல்லுச்சு. அப்புறம் நான் சொன்னேன், "மாடிப்படிக்குக் கீழ. தனியா." எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுறாங்க! மேடம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "பாருங்க, பேச மறுக்கறதுன்னா இதுதான்"ங்கறாங்க. ஆயாம்மா மட்டும் கை தட்டல. அவங்களுக்கு என் பொண்ணத் தெரியும்.

என்னன்னா... யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா. என் பொண்ணு இந்த ஸ்கூல்ல படிக்கல. அம்மா இருக்கற ஸ்கூல்ல சேரவே மாட்டேன்னு ஆறாவதுலயே சொல்லிட்டா. எங்க வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல்தான். போன பரீட்சைக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம், நான் துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், வந்து பக்கத்துல உக்காந்தா. அவ கூட்டாளி வேற செக்ஷன் போயிட்டாளாம். மத்த பொண்ணுங்க சேத்துக்க மாட்டேங்குதாம். மாடிப்படிக்குக் கீழ உக்காந்து டிபன் பாக்ஸத் தொறந்து தனியா சாப்பிட்டுட்டு வர்றாளாம், நாப்பது நாளா. "யார்கிட்டயும் சொல்லாதம்மா"ன்னா. பெத்த வயிறு பத்தி எரியுமா எரியாதா? நான் யார்கிட்ட சொன்னேன்? நாலே நாலு பேருகிட்ட. மேல் வீட்டுக்காரங்க, தையல்காரம்மா, பஸ்ல தெனம் பாக்குற ஒரு நர்ஸ், மருந்துக் கடைக்காரரு. அப்புறம் எதிர் வீட்ல... சரி, ஆறு பேருன்னே வச்சுக்குங்க. யோசன கேக்கத்தான் சொன்னேன்! எல்லார்கிட்டயும் "வெளிய சொல்லாதீங்க"ன்னு சொல்லித்தான் சொன்னேன்!

மேல் வீட்டுக்காரங்க பொண்ணு அவ வகுப்பாம். திங்கக்கிழமை போறதுக்குள்ள இவளுக்குப் பேரு வச்சுட்டாங்க. "மாடிப்படி." "ஏய் மாடிப்படி, பேனா குடு." டிராயிங் டீச்சர் கூட வாய் தவறி "மாடிப்படி, எந்திரி"ன்னுட்டாங்களாம். அன்னைக்கு வீட்டுக்கு வந்தா, என்ன ஒரு பார்வ பாத்தா. திட்டல. அழல. அதோட நாலு வார்த்ததான்.

இத ஏன் உங்ககிட்ட சொல்றேன்... பாருங்க, மறுபடியும் சொல்லிட்டேன். ஏழாவது ஆளு நீங்க. சே.

சரி, கேளுங்க, அதுக்கப்புறம்தான் கூத்தே. அந்த நடிப்புக்கு ஒரு தாள் நிரப்பணும், வெவரமெல்லாம் எழுதி. நெட்டைத் தம்பி, "முகவரி ஏதாவது ஒண்ணு சொல்லுங்க"ன்னாரு. ஏதாவது ஒண்ணுன்னா? அவசரத்துல எனக்கு எந்த முகவரி வரும்? என் வீட்டு முகவரிதான் வாயில வந்துச்சு. அந்த மாதிரித் தாள் மொத்தம் நூத்தி இருவது. எல்லாத்துக்கும் ஒரு ரப்பர் சீல் குத்தணும், "பயிற்சிக்கு மட்டும், உண்மை அல்ல"ன்னு. அப்பத்தான் நெஜக் கேஸோட கலக்காது. எப்படியோ ஏழாம் நம்பர் தாள் மட்டும் சீல் இல்லாம தலைமை ஆபீசுக்குப் போயிடுச்சு. அந்த நெட்டைத் தம்பியச் சொல்லணும்! அடுக்கி உறையில போட்டது அவருதானே, ஒரு தாளப் பொரட்டிப் பாக்கத் தெரியாதா? படிச்ச பிள்ள!

தலைமை ஆபீஸ்ல இருந்து முகம் தெரியாத ரெண்டு பேரு, நெஜ சமூகப் பணியாளருங்க, ஃபைலோட எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. நான் கடைக்குப் போயிருக்கேன். வீட்டுக்காரரு மெக்கானிக், வேல முடிஞ்சு வந்து கிரீஸக் கழுவிக்கிட்டு இருந்திருக்காரு, இடுப்புல துண்டோட கதவத் தொறந்திருக்காரு. "இந்த வீட்டுல ஒரு குழந்தை பேசாம இருக்காமே, அவளப் பேச விடாமப் பண்றது யாரு?"ன்னு கேட்டிருக்காங்க. பதினேழு வருஷத்துல அவரு என் முன்னால ஒரு வாக்கியம் முழுசா முடிச்சதில்லயாம். அன்னைக்கு முடிச்சிருக்காரு! யாரும் குறுக்க பேசலன்னதும் சந்தோஷத்துல ரெண்டாவதும் பேசியிருக்காரு. அப்புறம் மூணாவது. "சார், உங்களுக்கும் தனியா ஒரு ஃபைல் போட்டுடலாமா?"ன்னு கேட்டாங்களாம். இவரு சரின்னுட்டாரு அக்கா!

அந்தச் சத்தத்துல என் பொண்ணு எட்டிப் பாத்திருக்கா. அவங்க தாளப் பாத்துப் படிச்சிருக்காங்க, "மாணவி ஏழு, மதியம் மாடிப்படிக்குக் கீழ தனியா சாப்பிடுவாள்"னு. இவ முன்னால வந்து, "அது நான்தான். உள்ள வாங்க"ன்னுட்டா.

நான் ரெண்டு கையிலயும் பையோட வர்றேன். மூணு நாற்காலி போட்டு வந்தவங்க ரெண்டு பேரும் வீட்டுக்காரரும் டீ குடிக்கறாங்க. என் பொண்ணு பேசிக்கிட்டு இருக்கா. கைய ஆட்டி ஆட்டி, சிரிச்சுக்கிட்டு. அந்தச் சிரிப்பக் கேட்டு எத்தன மாசம் ஆச்சு! நான் வாசல்ல வந்து நின்னதும் குழாய மூடின மாதிரி நின்னு போச்சு. வலிச்சுது அக்கா. பைய எங்க வைக்கறதுன்னு தெரியாம நின்னேன்.

மறுநாள் ஹெச்.எம்.கிட்ட ஓடினேன். "சார், அது நடிப்பு சார், மாணவி ஏழு நான்தான் சார்." அவரு தாளப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு. "இதுல வயசு பதிமூணுன்னு போட்டிருக்கேம்மா"ங்கறாரு. ஒரு கேஸ் தொறந்துட்டா எட்டு தடவ உக்காராம மூட முடியாதாம், அதுதான் விதியாம். "ஒண்ணு நீங்க வந்து உக்காருங்க, இல்ல பதிமூணு வயசுல யாராவது ஒருத்தர அனுப்புங்க"ன்னு கைய விரிச்சுட்டாரு. என் பொண்ணுக்கும் பதிமூணுதான், அவகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்னாடி செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கறா!

உள்ள என்ன பேசுறாங்கன்னு நான் கேக்கக் கூடாதாம். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பீக்கர சுவத்துல கவுத்து வச்சு காத வச்சுப் பாத்தேன். ஒண்ணும் புரியல. அவ கொரல் ஓடிக்கிட்டே இருக்குது, நடுநடுவுல அந்தப் பொண்ணோட "ம்" மட்டும் கேக்குது. அதுல அவசரமும் இல்ல, புத்திமதியும் இல்ல. மூணு நாள் பழகினது வீண் போகலன்னு நெனச்சுக்கிட்டு பீக்கரக் கழுவி வச்சுட்டு வந்துட்டேன்.

அந்த நெட்டைத் தம்பி? அவருக்கு மார்க் கொறச்சுட்டாங்க, சீல் இல்லாத தாள அனுப்பினதுக்கு. மறுபடி பத்து நாள் பயிற்சியாம். தலையக் குனிஞ்சுக்கிட்டு போச்சு அந்தப் பிள்ள. சீல் குத்தற வேல... சரி, சீல் குத்தற வேல யாருதுன்னு நீங்க கேக்கல. நீங்க ஒண்ணும் கேக்காத ஆளு, அதான் எனக்கு சொல்லத் தோணுது. என் வேலதான். சீல் என் கையிலதான் இருந்துச்சு. மறந்துட்டேன்னு மேடத்துகிட்ட சொன்னேன். மை காஞ்சு போச்சுன்னு ஹெச்.எம்.கிட்ட சொன்னேன். ரெண்டும் பொய்.

நூத்திப் பத்தொம்பது தாளுக்குக் குத்தினேன், டக்கு டக்குன்னு, ஆயாம்மாகூட பேசிக்கிட்டே. இந்தத் தாள் வந்துச்சு. அந்த நெட்டைத் தம்பி கையெழுத்துல எழுதியிருக்கு, "மாடிப்படிக்குக் கீழ தனியாக." அது மேல போய் "உண்மை அல்ல"ன்னு எப்படி அக்கா குத்துவேன்? சீலத் தூக்கினேன். கை போகல. வாய நிறுத்திட்டு அந்தத் தாள அப்படியே அடியில சொருகிட்டேன். யாராவது படிக்கட்டும்னு நெனச்சேனா என்னமோ, எனக்கே தெரியல. திங்கக்கிழமை மேடத்துகிட்ட போய் நெசத்தச் சொல்லிடணும், அந்தத் தம்பி மார்க்கத் திருப்பிக் குடுக்கச் சொல்லணும். இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, சத்தியமா, ஆயாம்மாகிட்ட கூட. உங்ககிட்ட மட்டுந்தான். நீங்களே சொல்லுங்க, நான் பண்ணது...

அக்கா?

எப்பப் போனாங்க? கிளார்க் வந்துட்டாரா? பையக் கூட எடுத்துட்டுப் போயிட்டாங்களே. எதுவரைக்கும் கேட்டாங்களோ தெரியல. போகட்டும். கடைசியா சொன்னது யார் காதுலயும் விழலன்னா நல்லதுதான். ஒரு விஷயமாவது என்கிட்டயே தங்கட்டும்.

ஐயோ, நாற்காலி நகர்ற சத்தம். வர்றா. வாய மூடு, வாய மூடு, அவ என்ன சொன்னாலும் வாய மூடு. அத்தை வீட்டுக்குப் போறேன்னு சொன்னாலும்... சொன்னாலும் மூடிக்கிட்டுக் கேளு.

வா கண்ணு. பசிக்குதா? பிஸ்கட் வாங்கி வச்சிருக்கேன், உனக்குப் புடிச்ச... இல்ல. இல்ல, இல்ல. ஒண்ணும் இல்ல. உக்காரு. அந்தப் பக்கம் வேணாம், கால் ஆடும். இங்க.

...

ம்.

...

ம்.